வெளியே போனோர் எண்ணிக்கை

வியாழன் காலை ஏழு மணிக்கு
பிள்ளைகளுக்கு முன்னால்
காற்று வந்து என்னிடம் கையெழுத்துப் போட வேண்டும்.
வாசல் கம்பத்தில் சின்னப் பெட்டி.
ஐம்பதுக்குக் கீழே என்றால் வெளியே.
மேலே என்றால் உள்ளே.
ரூடா நகரத்தின் இந்தப் பள்ளியில்
நான் எழுத்தர்.
பாடம் என் வேலையில்லை,
கதவு என் வேலை.

நவம்பரில் மூன்று வியாழன்கள் உள்ளேயே கழிந்தன.
தெருவுக்கு நாற்பது அடுப்பு.
மலிவுக் கரி, ஈர விறகு,
சிலர் பழைய அலமாரியையே உடைத்துப் போடுகிறார்கள்
வார்னிஷோடு.
புகை மேலே போக மனமில்லாமல்
எங்கள் கூரையில் உட்கார்ந்துகொண்டது,
வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி.
யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
என் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

பள்ளிக்குப் பின்னால்
சுரங்கம் துப்பிவிட்டுப் போன கழிவுமேடு.
நாற்பது வருடம் யாரும் சீண்டாததால்
அதன்மேல் பிர்ச் மரங்கள்.
எவரும் நடவில்லை, தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை,
வெள்ளைக் காலோடு தாமாக ஏறி வந்துவிட்டன.
மூன்றாம் வகுப்பு அங்கேதான் கணக்குப் போடும்:
இந்த மரத்தைக் கட்டிப்பிடிக்க எத்தனை கை,
அந்த எறும்பு வரிசைக்கு எத்தனை காலடி,
மரங்கொத்தி ஒரு மூச்சில் எத்தனை தட்டு.
விடை தப்பானால் மறுபடி கேட்கலாம்;
மரங்கொத்திக்கு அவசரம் இல்லை.

எல்லா வகுப்புக்கும், வாரம் ஒரு நாள்,
என்று நகராட்சிக்கு எழுதினோம்.
'நிதிநிலை அனுமதிக்கும்போது' என்று பதில் வந்தது.
எங்களிடம் ரப்பர் காலணி இருபத்தாறு ஜோடி.
ஆகவே ஒரு வகுப்பு மேட்டில்,
மற்ற வகுப்புகள் ஜன்னலில்.
கண்ணாடியில் ஒட்டிய மூக்குகளை
வெள்ளிக்கிழமை கெர்ட்ரூடா துடைத்தெடுப்பாள்,
திட்டிக்கொண்டே, ஒவ்வொன்றாக.

திமோனுக்கு இழுப்பு.
நாற்பதைத் தாண்டினாலே அவனுக்குத் தடை,
அம்மாவின் கடிதம் என் கோப்பில் இருக்கிறது.
அந்த நாட்களில் என் மேசையோரம் உட்கார்ந்து
பென்சில் சீவிய சுருள்களை
நிற்க வைத்துப் பார்ப்பான்.
அவனிடம் இருந்த மரம் அவ்வளவுதான்.

டிசம்பரில் ஓர் இரவு முழுக்கத் தெற்கிலிருந்து காற்று.
காலையில் பெட்டியைப் பார்த்தேன்: பதினொன்று.
கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டினேன்.
பதினொன்று.
திமோன் காலுக்குக் காலணி பெரிது.
இரண்டு காலுறை மாட்டி அனுப்பினோம்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பினான்
மூக்கு ஒழுக, முழங்கால் கிழிய,
இடதும் வலதும் மாறிய காலணியோடு.
வருகைப் பதிவேட்டின்மேல்
ஒரு கறுப்புக் கல்லை வைத்தான்.
கல்லில் பெரணி இலை.
யாரும் வரைந்ததில்லை. படுத்துக் கிடந்தது,
நரம்பு நரம்பாக.

"கரியெல்லாம் முன்னாடி காடாம். மிரெலா டீச்சர் சொன்னாங்க."
ஆமாம்.
"அந்தக் காட்டைத்தான் அடுப்புல போடறோமா?"
ஆமாம்.
"அந்தப் புகையாலதான்
என்னை இந்தக் காட்டுக்கு விடறதில்லையா?"

முத்திரையைத் தேடினேன்.
மை காய்ந்திருந்தது.

மாலையில் எழுதினேன்:
வெளியே போனோர் இருபத்தாறு.
திரும்பியோர் இருபத்தாறு.
காயம், முழங்கால் ஒன்று.
'கற்றது' என்ற கட்டத்தில்
மூன்று வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.
கல்லை அதன்மேல் வைத்து
ஓரத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டினேன்.
கோடு கட்டத்தைத் தாண்டிப் போனது.
அப்படியே நகராட்சிக்கு அனுப்பினேன்,
இன்னொரு தாளும் வைத்து:
பிள்ளைகள் இருநூற்றுப் பத்துப் பேர்.
காலணி வேண்டும்,
இருபத்தெட்டாம் அளவிலிருந்து முப்பத்தேழு வரை.
அனைவருக்கும் என்பதை
அடிக்கோடிட்டேன். தாள் கிழிந்துவிட்டது.

நடையெல்லாம் சேறு என்று
கெர்ட்ரூடா கத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைத் திறந்தேன்.
வாளியில் கரி.
ஒவ்வொரு துண்டையும் விளக்கடியில்
திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் போட்டேன்.
போடாமல் இருக்க முடியவில்லை.
வெளியே
மைனஸ் ஒன்பது.